கொம்புகளை எண்ணுவோர்க்கு ஒரு மறுமொழி

நாமக்கல் பேருந்து நிலையத்தில் இராசிபுரம் வண்டிக்காகக் காத்திருந்த ஒரு மாலைப் பொழுதில் என் கையில் ஒரு மஞ்சள் தாள் திணிக்கப்பட்டது. அதில் நான்கு விலங்குகளின் படங்கள்: சிறகு முளைத்த சிங்கம், வாயில் விலா எலும்புகளைக் கவ்விய கரடி, நான்கு தலைகளையுடைய சிறுத்தை, இன்ன விலங்கெனச் சொல்ல இயலாத பத்துக் கொம்புடைய கொடிய உரு. ஒவ்வொன்றின் கீழும் ஒரு நாட்டின் பெயர். சிங்கம் இங்கிலாந்தாம், அதன் சிறகு அமெரிக்காவாம், கரடி இரசியாவாம், சிறுத்தை செர்மனியாம், பத்துக் கொம்புகளும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பாம். காலம் முடிந்துவிட்டது என்ற எச்சரிக்கையோடும், கூட்டம் நடைபெறும் இடம், நேரம் பற்றிய அறிவிப்போடும் தாள் நிறைவுற்றது.

தாளை மடித்துப் பைக்குள் வைத்ததோடு அதை மறந்திருப்பேன். ஆனால் அடுத்த ஞாயிறன்று திருப்பலி முடிந்தபின் ஆலய முற்றத்தில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். கோழிப்பண்ணையில் கூலி வேலை செய்பவர். மகளுக்குச் செவிலியர் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. "ஏனுங்க ஐயா, அந்தக் கரடி கெளம்பிருச்சுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா? இன்னும் மூணு வருசம் ஒலகம் இருக்குமுங்களா? கடன் வாங்கிப் பீசு கட்டறதா வேண்டாமான்னு ஒரே கொழப்பமா இருக்குதுங்க" என்றார்.

இக்கேள்வியில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. இறைவார்த்தை உண்மையானது என்று முழுமனத்தோடு நம்பும் ஒருவர், அவ்வார்த்தையின் பெயரால் தமக்குச் சொல்லப்பட்டதை மெய்யென்று ஏற்றுத் தம் மகளின் எதிர்காலத்தையே அதன்மேல் வைத்து எண்ணிப் பார்த்தார். பழி அவர்மேல் இல்லை. அந்த அச்சத்தை அச்சிட்டுத் தெருவில் வழங்கியவர்கள்மேல் ஒரு பங்கும், இத்தனை ஆண்டுகளாகத் தானியேல் நூலை அவருக்கு விளக்கிச் சொல்லாத நம்மேல் மறு பங்கும் இருக்கின்றன. இவ்விரு பங்கையும் வெளிப்படப் பேசவே இதனை எழுதுகிறேன்.

நூலே தரும் திறவுகோல்

தானியேல் நூலின் ஏழாம் அதிகாரத்தில் நான்கு விலங்குகள் கடலினின்று மேலெழுகின்றன. எட்டாம் அதிகாரத்தில், சூசா நகரில், ஊலாய் நீர்க்கரையில் ஒரு செம்மறிக் கிடாயும் ஒரு வெள்ளாட்டுக் கிடாயும் மோதுகின்றன. மஞ்சள் தாள்கள் ஏழாம் அதிகாரத்தைப் பற்றி நிறையப் பேசும். எட்டாம் அதிகாரத்தை விரைந்து கடந்துவிடும். ஏனெனில் எட்டாம் அதிகாரத்தில் விளக்கம் நூலுக்குள்ளேயே இருக்கிறது. இரு கொம்புடைய செம்மறிக் கிடாய் மேதிய, பாரசீக அரசர்களைக் குறிக்கும் என்றும், வெள்ளாட்டுக் கிடாய் கிரேக்க அரசைக் குறிக்கும் என்றும், அதன் கண்களுக்கிடையே நின்ற பெருங்கொம்பு அதன் முதல் அரசன் என்றும் வானதூதர் கபிரியேல் பெயர் சுட்டியே விளக்கிவிடுகிறார். வேறு நாடுகளின் பெயரைப் பொருத்துவதற்கு அங்கே இடமே இல்லை.

வரலாறும் அவ்விளக்கத்தோடு ஒத்துப்போகிறது. கிடாயின் இரு கொம்புகளில் பின்னர் முளைத்ததே உயர்ந்து நின்றது. மேதியருக்குப் பின் எழுந்த பாரசீகர் கி.மு. 550 அளவில் மேதியரை வென்று, கி.மு. 539இல் பாபிலோனையும் கைப்பற்றினர். மேற்கிலிருந்து தரையில் கால் பாவாமல் பாய்ந்து வந்த வெள்ளாட்டுக் கிடாய் கிரேக்கம். அதன் பெருங்கொம்பு அலெக்சாந்தர். கி.மு. 334இல் ஆசியாவினுள் நுழைந்து மூன்றே ஆண்டுகளில் பாரசீகப் பேரரசைத் தகர்த்தவர் அவர். கி.மு. 323இல் பாபிலோனில் இளவயதிலேயே இறந்தார். அந்தக் கொம்பு முறிந்ததும் நான்கு கொம்புகள் முளைத்தன. படைத்தலைவர்கள் பேரரசைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டனர்.

மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்ப்போருக்கு இக்காட்சியை விளக்க ஐரோப்பாவின் வரைபடம் வேண்டியதில்லை. மேச்சேரிச் செம்மறிக்குப் பெரும்பாலும் கொம்பில்லை. சேலம் கருப்பு எனப்படும் வெள்ளாட்டுக்கோ கொம்புண்டு. கொம்பு என்றால் வலிமை, அது முறிந்தால் வலிமை முறிந்தது என்பதைப் பட்டியில் நிற்கும் சிறுவனும் அறிவான். செருக்குற்று நடப்பவனைப் பார்த்து, அவனுக்கென்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று நாம் கேட்பதில்லையா? விவிலியத்தின் உருவகமும் நம் ஊர் வழக்கும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

நான்கு கொம்புகளுள் ஒன்றினின்று முளைத்த சின்னக் கொம்பு யார் என்பதையும் நாம் தேடியலைய வேண்டியதில்லை. கி.மு. 175இல் அரியணை ஏறிய அந்தியோக்கு எப்பிபான் எருசலேம் கோவிலைக் கொள்ளையிட்டான்; கி.மு. 167இல் கோவிலின் அன்றாடப் பலியை நிறுத்தி, பலிபீடத்தின்மேல் வேற்றுத் தெய்வத்திற்குப் பீடம் அமைத்தான், ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் தடை செய்தான், திருச்சட்ட நூல்களைக் கிழித்து எரித்தான், மறுத்தவர்களைக் கொன்றான். கி.மு. 164இல் யூதா மக்கபே கோவிலைத் தூய்மைப்படுத்தி மீண்டும் நேர்ந்தளித்தார். இவை யாவும் மக்கபேயர் முதல் நூலில் விரிவாக உள்ளன. தானியேல் கூறும் 2300 மாலை காலைகளை, மாலையும் காலையுமாகச் செலுத்தப்பட்ட பலிகளாக எண்ணினால் 1150 நாள்களாகும். அதாவது மூன்றாண்டுகளைச் சற்றே கடந்த காலம். கோவில் தீட்டுப்பட்டுக் கிடந்த காலத்தோடு அது ஏறத்தாழப் பொருந்துகிறது.

மக்கபேயர் நூல்கள் நம் விவிலியத்தில் உள்ளன; மஞ்சள் தாளை அச்சிடுவோர் கையிலிருக்கும் விவிலியத்தில் இல்லை. பூட்டு அவர்களிடம் இருக்கிறது, சாவி நம்மிடம் இருக்கிறது. ஆனால் அச்சாவியை நாம் எத்தனை முறை எடுத்தோம் என்பதை நம் நெஞ்சே அறியும்.

தமிழறிந்தார்க்கு இது புதிதன்று

விலங்கைச் சொல்லி வேறொன்றை உணர்த்தும் முறை தமிழ் படித்தவர்க்கு அயலானதா? அகப்பாடல்களில் கருப்பொருளாக வரும் விலங்கும் பறவையும் சொல்லாத பொருளைச் சுமந்து நிற்பதைத் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்றது. ஒன்றைக் கூறி, கூறாத மற்றொன்றை உணரவைப்பதைப் பிறிதுமொழிதல் அணி என்று பள்ளியிலேயே படித்தோம். மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் பேசுவதை அதற்குச் சான்றாகக் காட்டாத ஆசிரியர் இல்லை. லாரித் தொழிலுக்குப் பேர்பெற்ற நாமக்கல்லில்கூட அக்குறளைப் படித்துவிட்டு வண்டியின் சுமையளவைக் கணக்கிட முற்படுவோர் எவரும் இல்லை. அது பகைவரின் வலிமையை எடைபோடாத அரசனுக்குச் சொன்னது என்பதை அனைவரும் அறிவோம். குறளுக்குத் தரும் இந்த மரியாதையை இறைவாக்குக்கு மட்டும் ஏன் மறுக்கிறோம்?

இறைவாக்கினர் அனைவரும் இந்த மொழியையே பேசினர். அசீரிய மன்னர்கள் தாம் சிங்கத்தை வேட்டையாடும் காட்சிகளை அரண்மனைச் சுவரெங்கும் செதுக்கி மகிழ்ந்தனர். அவர்களுடைய நினிவேயைப் பார்த்து, சிங்கங்களின் குகை இப்பொழுது எங்கே என்று நாகூம் எள்ளி நகையாடினார். கி.மு. 612இல் அந்நகர் வீழ்ந்தது. இஸ்ரயேலைச் சிதறுண்ட ஆடாகக் கண்ட எரேமியா, முதலில் அசீரிய அரசன் அதைத் தின்றான் என்றும், பின்பு நெபுகத்னேசர் எஞ்சிய எலும்பைக் கடித்தான் என்றும் வருந்தினார். எசேக்கியேல் பாபிலோன் மன்னனையும் எகிப்து மன்னனையும் இரு கழுகுகளாக வரைந்தார். தன்னைச் சிங்கமென்று எண்ணிக்கொண்ட பார்வோனை நீருக்குள் கிடக்கும் முதலை என்றார். சிங்கம், சிறுத்தை, கரடி, பெயரற்ற காட்டு விலங்கு ஆகிய நான்கும் ஓசேயா நூலில் முன்பே ஒருங்கே வந்துவிட்டன. மந்தையைக் காக்கும் இடையன் எவற்றுக்கு அஞ்சுவானோ அவையே அவை. மேட்டூரை அடுத்த காட்டோரச் சிற்றூரில் இரவில் சிறுத்தை பட்டியில் புகுந்தால் எத்தகைய நடுக்கம் ஏற்படுமோ, அந்த நடுக்கமே இவ்வுருவகத்தின் ஊற்று. அதை மறந்துவிட்டு நாட்டுப்பெயர்ப் பட்டியலைப் பொருத்துகிறவர், கவிதையை முகவரி அட்டையாகப் படிக்கிறார்.

நம் மண்ணில் நின்ற புலியும் சிங்கமும்

பேரரசுகள் விலங்குகளைத் தம் அடையாளமாக ஏந்துவது நாம் நிற்கும் இம்மண்ணுக்கும் பழகிய செய்தி. சோழருக்குப் புலிக்கொடி, பாண்டியருக்கு மீன்கொடி. விசயநகரப் பேரரசின் முத்திரையில் இருந்த பன்றியால் பொற்காசுக்கே வராகன் என்ற பெயர் வந்தது. பின்னாளில் திப்பு சுல்தான் புலியைத் தம் அடையாளமாக்கினார். அவருடைய அரியணையிலும் படைவீரரின் உடையிலும் படைக்கலங்களிலும் புலியும் புலிவரியும் இடம்பெற்றன. வெள்ளைப் படைவீரன் ஒருவனைப் புலி கடித்துக் குதறுவதுபோல் செய்யப்பட்ட அவருடைய மரப்பொறி இன்றும் இலண்டன் அருங்காட்சியகம் ஒன்றில் உள்ளது.

1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி பாராமகாலும் சேலமும் திப்புவின் கையிலிருந்து ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறின. அலெக்சாந்தர் ரீடு என்னும் படைத்தலைவர் இங்கே ஆட்சியராக அமர்ந்தார். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. அவ்வெற்றியின் நினைவாகக் கம்பெனி ஒரு பதக்கம் வார்த்தது. அதில் சிங்கம் ஒன்று புலியை வீழ்த்திக் கீழே அழுத்துகிறது. அதிகாரிகளுக்குப் பொன்னிலும் வெள்ளியிலும் வழங்கப்பட்ட அப்பதக்கம், இந்நாட்டுச் சிப்பாய்களுக்கு வெள்ளீயத்தில் வழங்கப்பட்டது.

அப்பதக்கத்தைப் பார்த்த எவரும் சீரங்கப்பட்டணத்துக் கோட்டைக்குள் மெய்யாகவே ஒரு சிங்கம் புகுந்ததாக எண்ணவில்லை. இருநூறு ஆண்டுகள் கழித்து வேறெங்கோ நடக்கவிருக்கும் போரின் குறியீடு அது என்றும் எண்ணவில்லை. எந்தச் சிங்கம், எந்தப் புலி, எந்த ஆண்டு என்பதெல்லாம் அதை அணிந்தவருக்குத் தெரிந்திருந்தன. தானியேல் நூலை முதன்முதலில் கேட்டவர்களுக்கும் அப்படியே தெரிந்திருந்தன.

ஒரேயொரு வேறுபாடு உண்டு. இக்கட்டுரையின் அச்சாணியும் அதுவே. பேரரசு விலங்கைப் பெருமைக்காக அணிகிறது. இறைவாக்கினர் அதே விலங்கைத் தீர்ப்பாகத் திருப்பித் தருகிறார். பாபிலோன் நகரின் ஊர்வல வீதியில் இருபுறமும் நூற்றுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் மெருகிட்ட செங்கற்களில் ஒளிவீசி நின்றன. அவற்றுட் சில இன்று பெர்லின் அருங்காட்சியகத்துக்கு உரியவை. சிறைப்பட்ட மக்களுக்கு அவ்வீதி சொன்ன செய்தி, நாங்கள் சிங்கங்கள் என்பது. ஆம், நீங்கள் விலங்குகள்தாம் என்று தானியேல் நூல் விடையிறுத்தது. அதிகாரத்தின் முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்ட அச்சொல்லை வருங்காலச் சோதிடமாகச் சுருக்குவது அதன் பல்லைப் பிடுங்குவதாகும்.

கணக்குப் பார்த்தவர்களின் கதை

அப்படியானால் இறைவாக்கு முடிந்துபோன பழங்கதைதானா, நமக்கு அது எதையும் சொல்லவில்லையா என்று ஒருவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி, நேரான விடையும் உண்டு.

நான்காம் விலங்கு எது என்பதில் திருச்சபையின் தந்தையரே ஒருமித்த கருத்துடையவர் அல்லர். கி.பி. 407இல் தானியேல் நூலுக்கு உரை எழுதிய புனித எரோணிமுஸ் அது உரோமை என்றார். பண்டைச் சிரிய உரைமரபில் ஒரு சாரார் அது கிரேக்கம் என்றனர். சின்னக் கொம்பு அந்தியோக்கு என்பதால், நூல் அவன் காலத்தில் உருப்பெற்றது என்று இன்றைய விவிலிய அறிஞருட் பெரும்பாலோர் கருதுகின்றனர். ஆனால் திருவெளிப்பாடு நூலைப் பாருங்கள். அதன் பதின்மூன்றாம் அதிகாரத்தில் சிறுத்தையின் உடலும் கரடியின் காலும் சிங்கத்தின் வாயும் பத்துக் கொம்பும் கொண்ட ஒரே விலங்கு கடலினின்று வருகிறது. தானியேலின் நான்கையும் ஒன்றாக்கித் தம் காலத்து உரோமையை அங்கே அடையாளம் காட்டுகிறார் யோவான். பழைய உருவகத்தைப் புதிய கொடுங்கோன்மைக்கு எடுத்தாளும் உரிமையை விவிலியமே இவ்வாறு வழங்குகிறது. ஆனால் அவர் நாட்காட்டி வரையவில்லை. தம் கண்முன் மக்களை நசுக்கிய ஆட்சியைப் பார்த்து, இதுவும் அவ்விலங்கே என்றார். அடையாளம் காண்பது வேறு. ஆரூடம் சொல்வது வேறு.

ஆரூடம் சொன்னவர்களின் வரலாறு இரங்கத்தக்கது. அதே 2300 நாள்களை 2300 ஆண்டுகளாக்கி, கி.மு. 457இலிருந்து எண்ணத் தொடங்கினார் அமெரிக்காவின் வில்லியம் மில்லர். அவர் வழி வந்தோர் 1844 அக்டோபர் 22ஆம் நாளை ஆண்டவரின் வருகை நாளாகக் குறித்தனர். அறுவடையை வயலிலேயே விட்டுவிட்டுக் காத்திருந்தோரும் உண்டு. மறுநாள் வழக்கம்போல் கதிரவன் எழுந்தான். பேரறிஞர் நியூட்டன்கூட இவ்விலங்குகளின்மேல் கணக்குப் போட்டார். அவர் இறந்தபின் 1733இல் அந்நூல் வெளிவந்தது. இயற்பியலில் நிலைபெற்ற அவர் புகழுக்கு அந்நூல் எதையும் சேர்க்கவில்லை.

பத்துக் கொம்புகளின் கதையோ இன்னும் வேடிக்கையானது. 1981இல் கிரேக்க நாடு சேர்ந்தபோது ஐரோப்பியப் பொருளாதாரக் கூட்டமைப்பின் உறுப்பு நாடுகள் 10 ஆயின. பத்தாம் கொம்பு முளைத்துவிட்டது என்று பலர் ஆர்ப்பரித்தனர். 1986இல் அது 12 ஆனது, 1995இல் 15, 2013இல் 28, 2020இல் பிரித்தானியா விலகியபின் 27. இப்படி முளைத்தும் உதிர்ந்தும் மாறும் கொம்பு மானுக்கு உண்டு. தானியேல் கண்ட விலங்கு மான் அன்று. கூட்டமைப்பின் கணக்கு மாறினாலும் மஞ்சள் தாளின் கணக்கு மட்டும் மாறாமல் அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

இதில் மற்றவர்களை மட்டும் குறை கூறி நாம் தப்பிக்க இயலாது. சின்னக் கொம்பு துருக்கியர் என்றார் லூத்தர். அவர் வழி வந்தோர் பலர் அது திருத்தந்தை என்றனர். நம் தரப்பிலோ லூத்தரின் பெயரெழுத்துகளைக் கூட்டி 666 என்று காட்டியவர் இருந்தார். தனக்குப் பிடிக்காதவன் தலையில் கொம்பு வைப்பது எல்லாத் தரப்பினரும் ஆடிய விளையாட்டே. 1943இல் பன்னிரண்டாம் பயஸ் இலக்கிய வகைகளை அறிந்து விவிலியத்தைப் படிக்கப் பணித்ததும், 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் இறைவெளிப்பாடு பற்றிய கொள்கைத் திரட்டில் அதையே உறுதிப்படுத்தியதும், 1993இல் திருத்தந்தையின் விவிலிய ஆணையம் சொல்லுக்குச் சொல் பொருள்கொள்ளும் அடிப்படைவாத வாசிப்பைக் கடுமையாக எச்சரித்ததும் இந்த விளையாட்டால் நேர்ந்த தீங்கை அறிந்ததனால்தான்.

விலங்கும் மனிதரும்

மஞ்சள் தாளின்மேல் என் பெருஞ்சினம் அதன் பிழையான கணக்கினால் அன்று. காட்சியின் பாதியிலேயே அது நின்றுவிடுகிறது என்பதனாலேயே. ஏழாம் அதிகாரம் விலங்குகளோடு முடியவில்லை. தொன்மை வாய்ந்தவர் அரியணையில் அமர்கிறார். விலங்குகளின் ஆட்சி பறிக்கப்படுகிறது. மானிட மகனைப் போன்ற ஒருவர் வானத்து மேகங்களின்மீது வருகிறார். ஆட்சி அவருக்கு அளிக்கப்படுகிறது. மறுமுனையில் மற்றொரு விலங்கு வரவில்லை, மனித முகம் வருகிறது. கடவுளுக்கு ஏற்ற ஆட்சிக்கு மனித முகம் உண்டு என்பதே காட்சியின் உயிர்நிலை. ஆண்டவர் இயேசு தம்மை மானிடமகன் என்றே அழைத்துக்கொண்டார். கிறிஸ்து அரசர் பெருவிழாவில் வாசகச் சுழற்சியின் இரண்டாம் ஆண்டில் இப்பகுதியே முதல் வாசகமாக ஒலிக்கிறது. போர்களால் புண்பட்ட உலகுக்கு 1925இல் அவ்விழாவை ஏற்படுத்திய பதினொன்றாம் பயஸே 1930இல் நம் சேலம் மறைமாவட்டத்தையும் நிறுவினார் என்பதை நாம் நினைவிற்கொள்வது தகும்.

இன்னும் இரண்டு நுண்மைகளைக் கவனியுங்கள். முதல் விலங்காகிய சிங்கத்தின் சிறகுகள் பிடுங்கப்படுகின்றன. அது மனிதரைப்போல் இரு காலில் நிறுத்தப்படுகிறது. மனித இதயம் அதற்குத் தரப்படுகிறது. செருக்கினால் மாடுபோல் புல்மேய்ந்து, பின்பு தெளிவு பெற்று மனிதனாகத் திரும்பிய நெபுகத்னேசரின் கதையை நான்காம் அதிகாரத்தில் படித்தவர்க்கு இதன் பொருள் விளங்கும். கொடிய பேரரசும் மனம் மாறக்கூடும். ஆகவே எந்த நாட்டையும் இனத்தையும் பிறவியிலேயே விலங்கு என்று முத்திரையிட இந்நூல் நமக்கு உரிமை தரவில்லை. மறுபுறம், கடைசி விலங்கின் சின்னக் கொம்பில் மனிதக் கண்களும் பெருமை பேசும் வாயும் உள்ளன. மனிதரைப்போல் பார்த்து, மனிதரைப்போல் பேசி, விலங்காகவே செயற்படுவது எல்லாவற்றினும் கொடியது.

விலங்கை அடையாளமாக ஏந்தினால் இறுதியில் யார் சாகிறார்கள் என்பதை நம் தலைமுறை கண்டது. கடலுக்கு அப்பால் ஈழத்தில் சிங்கமும் புலியும் கொடிகளில் நின்று போரிட்டன. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் மணலில் மடிந்தவர் மனிதர். அவருள் குழந்தைகளும் முதியோரும் இருந்தனர்.

நம் ஊருக்கு வருவோம். 2025இல் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் சுமை தாளாமல் இடைத்தரகர் வழியே தம் சிறுநீரகத்தை விற்ற செய்தி வெளிப்பட்டது. அரசு விசாரணை நடத்தியது. விலா எலும்புகளைப் பற்களுக்கிடையே கவ்வி நிற்கும் கரடியை வடதுருவத்தின் அருகே தேடும் நண்பரே, காவிரிக் கரைக்கு ஒரு நடை வாருங்கள். மனித உடலைத் தின்னும் பசி எத்தகையது என்பதைத் தறிக் கூடத்து வாசலிலேயே உங்களுக்குக் காட்ட முடியும். மஞ்சள் தாள் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. தொலைவில் உள்ள விலங்கை நோக்கிக் கைகாட்டும் இறைவாக்கு, அருகில் உள்ள விலங்குக்குக் காவல் நிற்கிறது. நான் இதைத் தீங்கு என்று கூறுவது இதனாலேயே.

மக்கபேயர் முதல் நூலின் ஆறாம் அதிகாரத்தில் அந்தியோக்கின் மரபினர் யானைப் படையோடு யூதர்மேல் வருகின்றனர். ஒவ்வொரு யானையின்மேலும் இந்தியப் பாகன் ஒருவன் இருந்தான் என்று அந்நூல் குறிக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் என் உள்ளம் உறுத்துகிறது. பேரரசின் விலங்கை ஓட்டியவன் நம் நாட்டான். வெள்ளீயச் சிங்கத்தை மார்பில் அணிந்த சிப்பாயும் நம் நாட்டான். பள்ளிபாளையத்தில் தரகு வாங்கியவனும் நம் ஊரான். விலங்கு வேறு, நாம் வேறு என்று எளிதில் பிரித்துவிட முடியாது. தானியேலை உண்மையாகப் படிப்பவர் முதலில் தன் தலையைத்தான் தடவிப் பார்ப்பார், அங்கே கொம்பு முளைத்திருக்கிறதா என்று.

இனி நாம் செய்யத்தக்கது

குறை கூறி நிறுத்துவது எளிது. தெருவில் தாள் வழங்குவோரிடம் ஆர்வமாவது இருக்கிறது. நம்மிடம் அதுவும் குறைவு. 1623ஆம் ஆண்டில் தத்துவ போதகர் சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் நடந்து வந்து, கேட்போர் அறிந்த மொழியிலும் மரபிலும் மறையை விளக்கினார். அவர் வழி வந்த நாம், இறைமக்கள் அச்சத்தோடு கேட்கும் வினாவுக்கு, அதெல்லாம் அடையாள மொழி என்ற ஒற்றை வரியோடு அனுப்பிவிடுகிறோம். எதற்கு அடையாளம், யாருக்கு அடையாளம் என்று அமர்ந்து சொல்ல நமக்கு நேரமில்லை. நாம் காலியாக விட்ட இருக்கையில்தான் மஞ்சள் தாள் வந்து அமர்ந்தது.

ஆகவே பங்குத்தந்தையர்க்கும் அன்பியப் பொறுப்பாளர்க்கும் ஒரு வேண்டுகோள். கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு முந்திய நான்கு வாரங்களில் அன்பியக் கூட்டங்களில் தானியேல் ஏழாம், எட்டாம் அதிகாரங்களையும் மக்கபேயர் முதல் நூலின் முதல் ஆறு அதிகாரங்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். ஆடு மேய்ப்பவரையும் தறி ஓட்டுபவரையும் முதலில் பேசவிடுங்கள். கொம்பைப் பற்றியும் பசித்த வாயைப் பற்றியும் அவர்கள் சொல்வது பல உரைநூல்களில் கிடைக்காது. அதன்பின் திருவெளிப்பாடு ஐந்தாம் அதிகாரத்தையும் திறந்து பாருங்கள். யூதா குலத்துச் சிங்கம் வென்றுவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டு யோவான் நிமிர்ந்து பார்க்கிறார். அங்கே நிற்பது கொல்லப்பட்டதுபோன்ற ஆட்டுக்குட்டி. சிங்கம் வரும் என்று காத்திருந்த கண்களுக்குக் கடவுள் காட்டியது அதைத்தான்.

அன்று ஆலய முற்றத்தில் அந்த அம்மாவிடம் இவ்வளவும் சொல்ல வாய்க்கவில்லை. வேப்பமரத்தடியில் அமர்ந்து எட்டாம் அதிகாரத்தை மட்டும் படித்துக் காட்டினேன். கபிரியேல் பெயர் சொல்லி விளக்கும் இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, அவ்வரிகளை மீண்டும் படிக்கச் சொன்னார். "அப்போ இது அந்தக் காலத்து ராசாக்களுங்களா? எங்களப் பத்தி இல்லீங்களா?" என்றார். "உங்களைப் பற்றியும்தான் அம்மா. எந்த ராசாவும் நிலைத்து நிற்க மாட்டான், நீங்கள் அஞ்ச வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதியிருக்கிறது. பணத்தைக் கட்டுங்கள், ஆனால் கந்துவட்டிக்கு மட்டும் வாங்கிவிடாதீர்கள்" என்றேன்.

மறுநாளே பங்கின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் பேசி ஒரு பகுதிக்கு வழி செய்தோம். எஞ்சியதற்கு வங்கிக் கல்விக் கடன் கிடைத்தது. மகள் இப்பொழுது முதலாம் ஆண்டு பயில்கிறாள். அந்த மஞ்சள் தாள் என் விவிலியத்தில் தானியேல் எட்டாம் அதிகாரத்துக்கு அடையாளத் தாளாக இருக்கிறது.